தொட்டியின் கனம்

மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. தினமும் வருகிற கேள்விதான்.

“செடிக்குத் தண்ணி ஊத்திட்டியா?”

“ஊத்திட்டேன்.”

“தொட்டியத் தூக்கிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“கனமா இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. வாயத் திறங்க.”

அத்தனையும் பொய். மருந்துக் கடையிலேயே பாதி வயதைக் கழித்தவள் அவள். வேளை தவறி ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. கணவரின் உடம்பைத் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, எதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் அவர் படுத்த நாளிலிருந்து பால்கனியிலிருந்த நான்கு தொட்டிகளுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. காயட்டும் என்றே விட்டிருந்தாள்.

மூத்தவள் வைத்த செடி அது. அப்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேறு வேண்டுமா? மனைவியை இழந்தவருக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றே பால்கனியில் அது இருந்தது. யார் வைத்தது என்று கேட்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ள அவளுக்கென்ன தலையெழுத்தா?

மூத்தவளின் புடவைகள் அவள் மகளோடு போய்விட்டன. கூடத்தில் படம் தொங்கியது. அதை இவளே துடைத்து வைப்பாள். படத்தோடு அவளுக்குப் பகையில்லை, படம் வளராது. செடி வளர்ந்தது. ஒரு தொட்டி நான்கு தொட்டியானது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மண் கனம், பால்கனி தாங்காது என்று தேங்காய் நார்த்தூள் கட்டிதான் வாங்கி வருவார். செங்கல் மாதிரி இருக்கும் அதை, இவள் துணி துவைக்கிற வாளியிலேயே போட்டு ஊறவைப்பார். அது வாளி நிறையப் பொங்கி நிற்கும். இவளுக்கு வயிறு எரியும். காலையில் காபிக்கு முன்னால் ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கிப் பார்ப்பார். நார் மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரமிருக்கும், கனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார். லேசாக இருந்தால்தான் தண்ணீர்.

அவர் அப்படி ஏந்துவதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷத்தில் தன்னைத் தூக்க வேண்டாம், தோளிலாவது தானாக ஒரு நாள் கை வைத்தாரா? செத்தவளோடு சண்டை போட முடியாது. பொறாமைப்படலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மருந்தை விழுங்கிவிட்டு அவர் லேசாகச் சிரித்தார். “கனமா இருந்தா சரி,” என்று கண்ணை மூடினார். மத்தியான மருந்துக்கு எழுப்பப் போனபோது கை சில்லிட்டிருந்தது.

மருந்துக் கிண்ணத்தோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. போகிற நேரத்திலும் மூத்தவளின் செடியைத்தான் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மகள் வந்தாள். அக்கம்பக்கம் வந்தது. “ராஜா மாதிரி வெச்சுப் பாத்துக்கிட்டா. ஒரு குறை வெக்கல,” என்று எதிர்வீட்டம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் இவள் பார்வை பால்கனித் திரைச்சீலைக்குப் போய் வந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, மகள்தான் அந்தத் திரைச்சீலையை விலக்கினாள்.

“ஐயோ, என்ன சித்தி, இப்படிக் காஞ்சு கெடக்கு?”

“உங்கம்மா செடிதானே. நீயே எடுத்துட்டுப் போயிடு.”

சொன்ன பிறகுதான் பேச்சிலிருந்த முள் அவளுக்கே குத்தியது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கம்மா செடியா? அம்மாவுக்குச் செடின்னாலே ஆகாது. பூச்சி வரும்னு ஒரு இலையக்கூட உள்ள விடமாட்டாங்க.”

“பின்ன யாரோடது?”

“உங்களோடது சித்தி.” மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அம்மா போனப்புறம் மிச்ச மாத்திரையத் திருப்பிக் குடுக்க உங்க கடைக்கு வந்தாரில்ல? மேஜை மேல சிரப் பாட்டில்ல ஒரு கொடி வெச்சிருந்தீங்களாம். நீங்க அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பாத்து ஒரு கிளைய ஒடிச்சுப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டார். ‘திருடிட்டேம்மா’ன்னு எங்கிட்ட காட்டினார். அதப் பாத்துதான் நானே கல்யாணப் பேச்ச எடுத்தேன். உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”

“இல்ல.”

“நீங்களாக் கண்டுபிடிப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தார். நீங்க அந்தப் பக்கமே போகலையாம். ‘அவளுக்குச் செடி பிடிக்காது போல, நானே பாத்துக்கறேன்’னார்.”

சிரப் பாட்டில் அவளுக்கு நினைவிருந்தது. ஒரு நாள் கொடியில் கிளை ஒடிந்திருந்ததும் நினைவிருந்தது. கடை பெருக்குகிற அம்மாவைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டியிருந்தாள்.

மகள் காபி போட உள்ளே போனாள். அவள் பால்கனியில் இறங்கி, அவர் செய்கிற மாதிரியே இரண்டு கையையும் கொடுத்து முதல் தொட்டியைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதில் அது சட்டென்று மேலே வந்து மார்பில் இடித்தது. உள்ளே ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. இலையெல்லாம் மஞ்சளாகச் சுருண்டிருந்தது. தண்டில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது.

செம்பால் தண்ணீர் ஊற்றினாள். சுருங்கிப்போன நாருக்கும் தொட்டிக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக அது அப்படியே இறங்கி, அடி ஓட்டையில் வெளியே வந்து அவள் காலை நனைத்தது. நார் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அடியோடு காய்ந்த நாரை முக்கித்தான் எடுக்க வேண்டும். அதுவும் அவர் செய்ய அவள் பார்த்ததுதான்.

துணி துவைக்கிற வாளியை நிரப்பித் தொட்டியை உள்ளே இறக்கினாள். அது மிதந்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.

“தண்ணி ஊத்திட்டீங்களா சித்தி?” உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

“இன்னும் இல்லம்மா.”

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். தொட்டி மேலே வந்தது. மறுபடியும் அமுக்கினாள். நாருக்குள்ளிருந்து ஒவ்வொரு குமிழாகக் கிளம்பி வந்து உடைந்தது. முழங்கை வரை நனைந்தபடி, கனம் ஏறட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.