கூப்பிட்டவர் பெயர்

ஆந்திராவின் புத்தூரில், ரயில்வே கேட்டுக்கு மேற்கே உள்ள தெருக்களிலிருந்து பதினோரு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவது இன்பசேகரனின் காலை வேலை. கடைசியாக ஏறுகிறவள் தரணி, இரண்டாம் வகுப்பு. அந்தத் திங்கட்கிழமை அவள் காலை ஊன்றி ஏறவில்லை. முட்டி போட்டு, ஆட்டோவின் தகரத் தரையில் ஊர்ந்து உள்ளே போனாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். செவ்வாயும் அப்படியே ஏறியபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை, பள்ளி வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். ஷூவையும் சாக்ஸையும் தானே கழற்றிப் போட்டிருந்தாள். எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தவன் அவள் உள்ளங்கால்களைப் பார்த்துவிட்டான். இரண்டிலும் நடுவில், தோசைக் கரண்டி முனை அளவுக்குத் தோல் வழன்று, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைத்த சூடு.

என்ன இது என்று கேட்டான். அவள் அழவில்லை. சாக்ஸை மெல்ல மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஸ்கூல்ல சொல்லாத மாமா. சொன்னா கையிலயும் வெப்பேன்னு பெரிம்மா சொல்லிக்கீறாங்க."

தரணியின் அம்மா அவளைப் பெற்ற ஆறாம் மாதமே செத்துப்போனாள். அப்பா குவைத்தில் டிரைவர். பிள்ளையை வளர்ப்பது அம்மாவின் அக்கா தேவயானி. தெருவில் தேவயானியைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. தங்கச்சி பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறாள் என்று பேர். இன்பசேகரனுக்கே அவள் நல்லது செய்திருக்கிறாள். அந்தத் தெருவில் நாலு வீட்டாரிடம் சொல்லி அவர்கள் பிள்ளைகளை அவன் ஆட்டோவில் ஏற்றிவிட்டதே அவள்தான். அதனால் இரண்டு நாள் அவன் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஓட்டும்போது கண்ணாடியில் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினான். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. அவன் மகள் தபிதாவுக்கும் அதே வயது. அவள் காலை நீட்டிப் படுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

மனைவி ஜெயசீலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து தெருக்கதவைச் சாத்தினாள். பிறகு கேட்டாள்.

"தபிதா நைனா, நீ ஆம்பள. பொட்டப் புள்ள கால நீ எப்டி பாத்தன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

அவனிடம் உண்மையான பதில் இருந்தது. அதைச் சொல்லிப் பார்த்தபோது அவன் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

வெள்ளிக்கிழமை பகலில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தான். முதல் தடவை மணி அடித்ததுமே வைத்துவிட்டான். இரண்டாம் தடவை ஒரு பெண் தெலுங்கில் பேசினாள். பாப்பா பெயர், வயது, வீடு எங்கே, இப்போது யாரிடம் இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். அவன் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம், சொன்னாலும் வெளியே போகாது என்றாள். பெயர் இல்லாவிட்டால் விளையாட்டுப் போன் என்று விட்டுவிடுவார்களோ என்று பயந்து பெயரைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாளே திருப்பதியிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி பிரமிளாவும், ஒரு பெண் போலீசும் தேவயானி வீட்டுக்கு வந்தார்கள். சுடு கல்லைத் தெரியாமல் மிதித்துவிட்டேன் என்றாள் தரணி. இரண்டு காலாலும் எப்படி மிதிப்பாய் என்று பிரமிளா கேட்டதும் கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காட்டி, செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நலக் கமிட்டி முன்னால் விசாரிக்கும்வரை பிள்ளையைத் திருப்பதியில் ஒரு இல்லத்தில் வைப்பதாகச் சொல்லி ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். தேவயானி வாசலில் உட்கார்ந்து அழுதாள். யார் பெயரையும் அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள், ஆட்டோக்காரன் எதற்குப் பிள்ளை ஷூவைக் கழற்றினான் என்று தெரு முழுக்கக் கேள்வி நின்றது.

அன்று மாலை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி எஸ்.ஐ.யும் அதையே கேட்டார். "நுவ்வு எலா சூசாவு?" நீ எப்படிப் பார்த்தாய். கோபமாகக் கேட்கவில்லை. நாலு தடவை, ஒரே குரலில் கேட்டார். நாலாவது தடவை, ஷூ கீழே கிடந்ததா, அவள் கையில் இருந்ததா என்று அவனுக்கே குழம்பிப்போயிற்று. கூப்பிட்டால் வரவேண்டும், ஊரை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். வெளியே ஜெயசீலி நின்றிருந்தாள். ஆட்டோவின் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. திங்கட்கிழமை ஆட்டோவில் ஆறு பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பஸ்ஸில் திருப்பதி போனார்கள். கமிட்டி ஆபீஸ் வராந்தாவில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் தேவயானியும் அவள் புருஷனும். இன்னொன்றில் இவர்கள். தரணியைப் பிரமிளா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். காலில் வெள்ளைக் கட்டு. இவன் முன்னால் வந்ததும் பிள்ளை நின்றாள்.

"சொல்லாதன்னு சொன்னேன்ல மாமா."

அவள் தலை நிமிரவில்லை. பிரமிளா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒன்றரை மணி நேரம். உள்ளே அந்தப் பிள்ளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பெரியம்மா நல்லவள் என்று சொல்லலாம். ஆட்டோ மாமாதான் என்று சொல்லிக்கொடுத்திருந்தால், பயத்தில் அதையும் சொல்லலாம். தன்னை நினைத்துத்தான் இப்படிப் பயப்படுகிறோம், பிள்ளையை நினைத்து இல்லை என்று தோன்றியபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஜெயசீலி தன் முந்தானையை அவன் கைமேல் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

பிரமிளா வெளியே வந்து அவனிடம் தாழ்ந்த குரலில் தமிழிலேயே சொன்னாள். தரணி இன்னும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் முதுகில் பழைய தழும்புகளும் இருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறார். இப்போதைக்கு இல்லத்தில்தான் இருப்பாள், அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறோம், விசாரணை முடிய நாளாகும். எல்லார் வாக்குமூலமும் எடுக்கணும், உங்களுடையதும்தான் என்றாள்.

படியிறங்கும்போது தேவயானி அவன் பக்கத்தில் வந்தாள். அழுது வீங்கிய முகம். குரல் மட்டும் மெதுவாக இருந்தது.

"நம்ம ஊர்லதானப்பா நீயும் இருக்கப்போற."

புதன்கிழமை காலை, ஆறு பிள்ளைகளோடு அந்தத் தெரு வழியாகத்தான் அவன் போகவேண்டியிருந்தது. சுற்றிப் போக வேறு வழியும் இருந்தது. அவன் கை வண்டியை இந்தப் பக்கமே திருப்பியது. தேவயானி தன் கேட்டில் கையை வைத்து நின்றிருந்தாள். எதிர்வீட்டு வாசலில் அலர்மேல்மங்கை, பிள்ளையை அவன் ஆட்டோவிலிருந்து நிறுத்திக்கொண்டவள், மகள் ரோஜாவைக் கையில் பிடித்தபடி நின்றாள். ரோஜாவின் தோளில் புத்தகப் பை இருந்தது. அலர்மேல்மங்கை தேவயானியைப் பார்த்தாள், ஆட்டோவைப் பார்த்தாள். மகளின் மணிக்கட்டை விடவில்லை. இன்பசேகரன் பிரேக்கை மிதித்தான். இன்ஜினை அணைக்கவில்லை. உள்ளிருந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, நெருங்கி உட்கார்ந்து ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.