அக்கரைக்கு ஒரு நூல்

பெரியகல் தோட்டத்தின் மேல்பிரிவை எல்லோரும் மேக்கணக்கு என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து வெளியே போக இரண்டே வழி. ஒன்று, தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி நோர்வூட் டவுனுக்கு இறங்கும் லொறிப் பாதை. மற்றது, ஆற்றின் மேல் போட்டிருந்த இரும்புப் பாலம். நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு மலை சரிந்து பாதையை மூடியது. பகல் இரண்டு மணிக்குள் பாலமும் போய்விட்டது. பின்னால் செங்குத்துப் பாறை, அதற்கு மேல் காடு. லயம் என்று சொல்லும் நான்கு வரிசை வீடுகளில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் நடுவில் மாட்டிக்கொண்டன.

பிரதாப்பும் அவன் மனைவி ஜெயந்தினியும் இரண்டாவது லயத்தில் இருந்தார்கள். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. தோட்டத்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ஜெயந்தினிக்குப் பதினேழு வயதிலிருந்து சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு முறை கொடுப்பார்கள். அந்த மாதத்துக் கிளினிக் நாள் வியாழக்கிழமை. மலை சரிந்தது அதற்கு முதல் நாள்.

"எத்தன நாளைக்கு இருக்கு?" என்று பிரதாப் கேட்டான்.

"இருக்குங்க. அதுக்குள்ள பாதைய வெட்டிருவாங்க" என்றாள் ஜெயந்தினி.

பாதையை யாரும் வெட்டவில்லை. மின்சாரம் முதல் நாளே போயிருந்தது. வெள்ளிக்கிழமை போன் சிக்னலும் போனது. வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் இரண்டு தடவை கேட்டது. மூடுபனிக்குள் எதுவும் தெரியவில்லை. ஆற்றின் இரைச்சல் மட்டும் பகலிரவாக லயத்துச் சுவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் எல்லோரும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அக்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். நோர்வூட்டிலிருந்து நடந்து வந்தவர்கள். இரண்டு கரைக்கும் நடுவே முன்பு முப்பது யார் தூரம்தான் இருந்தது. வெள்ளம் கரையை அரித்துத் தின்றதில் இப்போது எண்பது யார் தூரத்துக்கு மேல். அவர்கள் வாயசைப்பது தெரிந்தது, குரல் வந்து சேரவில்லை. காளியாயி அக்காதான் அந்த யோசனையைச் சொன்னாள். கொழுந்து பறிக்கிற ஆள், ஆனால் கணக்குப்பிள்ளையையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள்.

"கத்தி என்னா பிரயோசனம்? எழுதிக் காட்டுங்க."

உரப்பையை வெட்டி விரித்து, கரித்துண்டால் பெரிய எழுத்தில் எழுதினார்கள். முதலில் "ஆள் சேதம் இல்லை". பிறகு "கோதுமை மா, பால்மா". மூன்றாவதாகப் பிரதாப் எழுதியது "இன்சுலின்".

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கரையில் ஒரு இளைஞன் அட்டைப் பலகையைத் தூக்கிப் பிடித்தான். நோர்வூட் மருந்துக்கடைக்காரரின் மகன் அஃப்ஹம். "மருந்து இருக்கு. எப்படி அனுப்ப?" என்று அதில் எழுதியிருந்தது.



அன்றைக்கெல்லாம் எறிந்து பார்த்தார்கள். கல்லில் நூலைக் கட்டி எறிந்தால் பாதி ஆற்றுக்குக்கூடப் போகவில்லை. லீவு நாளில் காசல்ரீ குளத்தில் மீன் பிடிக்கிற த்ரீவீலர்கார செல்லசாமி மாமா தூண்டிலை எடுத்து வந்து, ஈயக் குண்டைக் கட்டி, தங்கூசி என்கிற நைலோன் நூலைச் சுழற்றி வீசினார். அதுதான் அதிகம் போனது. நடு ஆற்றில் விழுந்து, வெள்ளம் இழுத்து அறுத்தது. ஒன்பது தடவை வீசினார். பிறகு தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நூல் சுருளிலிருந்து கழன்று பறந்ததைப் பார்த்தபோதே பிரதாப்புக்கு அந்த யோசனை வந்துவிட்டது. ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை.

அவனுடைய காம்பராவில், லயத்தின் அந்த ஒற்றை அறையில், ஒரு விமானம் இருந்தது. முழு விமானமல்ல. ஏழெட்டு மாதத்துக்கு முன் இன்டர்நெட்டில் சொல்லித் தபாலில் வந்த பெட்டி. உள்ளே பல்சா மரத்தில் மெல்லிசாக வெட்டிய துண்டுகள், ஒரு மோட்டார், அதில் பூட்டும் இரண்டு காற்றாடிகள், ஒரு பற்றரி, ரிமோட். பல்சாவைக் கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அவன் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு துண்டாக ஒட்டுவான். உடம்பும் வாலும் வலது இறக்கையும் முடிந்திருந்தன. இடது இறக்கை, விலா எலும்பு மாதிரியான குறுக்குத் துண்டுகளில் பாதியோடு நின்றது. லயத்தில் அவனுக்கு "பைலட்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் இதுவரை எதையும் பறக்கவிட்டதில்லை. மேக்கணக்கில் அதற்கேற்ற சமதரையும் இல்லை. கால் வைத்த இடமெல்லாம் சரிவு.

சொன்னால் செய்ய வேண்டும். செய்து, அது ஆற்றில் விழுந்தால், ஜெயந்தினியின் மருந்துக்கு இருந்த ஒரே வழியையும் தன் கையாலேயே மூழ்கடித்தவனாவான். மருந்து இருக்கிறது என்றுதானே அவள் சொன்னாள். திங்கட்கிழமை முழுவதும் அப்படியே பேசாமல் இருந்தான். அந்த ஒரு நாளுக்காகப் பிறகு அவனால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெயந்தினி வாந்தி எடுத்தாள். தண்ணீர் தண்ணீராகக் குடித்தாள். மூச்சில் பழுத்த பழத்தின் வாசம் அடித்தது. பிரதாப் மருந்துக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அடியில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருக்குன்னு சொன்ன?"

"இருந்துச்சு. பாதி பாதியா ஏத்துனேன்."

"ஏன் சொல்லல?"

"முழுசா ஏத்தியிருந்தா சனிக்கிழமையே முடிஞ்சிருக்கும். அப்ப நீங்க ஆத்துல எறங்கியிருப்பீங்க." அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரதாப் வெளியே போய் செல்லசாமி மாமாவைக் கூப்பிட்டான். "மாமா, ஒங்க த்ரீவீலர் பற்றரி வேணும். தங்கூசி எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"நூத்தம்பது யார் இருக்கும். எதுக்கு தம்பி?"

பிரதாப் சொன்னான். மாமா சிரிக்கவில்லை. "அது எறங்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"எறங்க வேண்டியதில்ல மாமா. அந்தப் பக்கம் விழுந்தா போதும்."

அன்று பகல் முழுக்க அவன் இடது இறக்கையை ஒட்டினான். பசைக் குழாய் முடிகிற நிலையில் இருந்தது. ஒவ்வொரு மூட்டுக்கும் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தான். ஈரக் காற்றில் பசை காயவில்லை; அடுப்புப் பக்கம் வைத்தால் மரம் வளைந்தது. விரலால் பிடித்துக்கொண்டே காத்திருந்தான். அப்படி ஒரு விலா எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பாயில் படுத்திருந்த ஜெயந்தினி பேசினாள்.

"மாலைதீவு லெட்டர நான் பாத்தேங்க."

அவன் திரும்பவில்லை. மார்ச் மாதம் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டான். அதை அவளிடம் சொல்லவேயில்லை. அடுத்த மாதம்தான் இந்தப் பெட்டியை வாங்கினான்.

"நான் இல்லாட்டி போயிருப்பீங்கல்ல?"

கையை எடுத்தால் மூட்டு விலகிவிடும். எழுந்து வெளியே போகவும் முடியாது. ஆறு இரைந்துகொண்டிருந்தது.

"ஆமா. போயிருப்பேன்" என்றான்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "சரி. எறக்கைய ஒட்டுங்க" என்றாள்.

புதன்கிழமை காலையில் மேலுறை போட்டான். சிவப்பு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்; சூடு பட்டால் இழுத்துக்கொண்டு இறக்கை மேல் இறுகும். மின்சாரம் இல்லாததால் காளியாயி அக்கா கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வந்தாள். சூடு கூடி ஓரிடத்தில் ஓட்டை விழுந்தது. அங்கே காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டினான். பற்றரியை மாமாவின் த்ரீவீலரிலிருந்து சார்ஜ் ஏற்றினான். இரண்டு விரல் நுனியில் விமானத்தைத் தாங்கிப் பார்த்தான், வால் தாழ்ந்தது. பற்றரியை மூக்குப் பக்கம் தள்ளி வைத்ததும் மட்டமாக நின்றது.

மூன்று மணிக்குப் பனி விலகியது. மேக்கணக்கு முழுவதும் கரையில் நின்றது. அக்கரைக்கு "நூல் வருது" என்று எழுதிக் காட்டினார்கள். உரப்பைகளை விரித்து, தங்கூசியைச் சிக்கில்லாமல் வளைவு வளைவாகப் போட்டு, நுனியை விமானத்தின் அடியில் கட்டினார்கள். மாமா விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்தார். பிரதாப் மோட்டாரை முடுக்கியதும் முன்னால் தள்ளிவிட்டார்.

அது ஏறியது. எல்லோரும் கூச்சலிட்டார்கள். காற்று வலப்புறம் இழுத்தது. பிரதாப் இடப்புறம் திருப்பினான். விமானம் இன்னும் வலப்புறம் திரும்பியது. அவன் மேலும் இடப்புறம் அழுத்தினான். அது ஒரு சுற்றுச் சுற்றி, தேயிலைச் செடிக்குள் தலைகுப்புறப் போய்ச் செருகியது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "பல்லக் காட்டாதீங்கடா" என்று காளியாயி அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

காற்றாடி உடைந்திருந்தது. மூக்குப் பலகை பிளந்திருந்தது. வால் தகட்டை ஆட்டிப் பார்த்தபோதுதான் பிரதாப்புக்கு விளங்கியது: ரிமோட்டில் இடமும் வலமும் மாறிக் கிடந்தன. ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினால் சரியாகிவிடும். பறக்கவிடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். பதினொரு வருடம் மோட்டார் பார்த்தவன் அதைப் பார்க்கவில்லை. கையில் இருந்தது இன்னும் ஒரே ஒரு காற்றாடி.

மூக்கை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, மிச்சப் பசை முழுவதையும் அதில் பிழிந்தான். அன்றிரவு ஜெயந்தினி அவனை இரண்டு தடவை அம்மா என்று கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத்தான் அக்கரை தெரிந்தது. பனி முழுசாக விலகவில்லை. திட்டுத் திட்டாக ஆற்றின் மேல் நகர்ந்தது. "பனி போறவரைக்கும் நிப்பமா தம்பி?" என்றார் மாமா. பிரதாப் வேண்டாம் என்று தலையாட்டினான். ஜெயந்தினியின் மூச்சு காலையிலிருந்து பெருமூச்சாக வந்துகொண்டிருந்தது.

இந்த முறை அவன் வால் தகட்டை மூன்று தடவை ஆட்டிப் பார்த்தான். மாமா தள்ளிவிட்டார். விமானம் நேராக ஏறியது. நூலின் பாரம் வாலை இழுக்க, மூக்கு மேலே பார்த்தபடி தட்டுத் தடுமாறிப் போனது. ஆற்றுக்கு மேல் வந்ததும் பள்ளத்திலிருந்து காற்று ஒரு குத்துக் குத்தியது. பிரதாப் மோட்டாரை முழுசாக விட்டான். பாதி ஆறு தாண்டியபோது நூல் ஒரு செடியில் மாட்டி இறுகியது. விமானம் காற்றில் அப்படியே நின்றது. மாமா பாய்ந்து வெறுங்கையால் நூலை விடுவித்தார். அது அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

அப்போது ஒரு பனித்திட்டு வந்து விமானத்தை மறைத்தது.

பிரதாப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் சத்தம் ஆற்றிரைச்சலில் கரைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நேராகப் போகச் சொல்லி விரலை அசைக்காமல் நின்றான். காலடியில் நூலின் வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போவதை மட்டும் பார்த்தான். கழன்றது. கழன்றது. பிறகு நின்றுவிட்டது.

ஆற்றில் விழுந்திருந்தால் வெள்ளம் நூலை இழுத்திருக்கும். நூல் இழுபடவில்லை. அசையவுமில்லை. மாமா இரத்தம் வழியும் கையோடு குனிந்து, நூலை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டார். நிமிடம் கடந்தது. இன்னொன்றும் கடந்தது.

"தம்பி" என்றார் மாமா. "இழுக்கிறாங்க. ரெண்டு தடவ இழுத்தாங்க."

பனி விலகியபோது அக்கரையில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தில் சிவப்பாக ஏதோ தொங்கியது. அஃப்ஹம் பாதி மரத்தில் ஏறி, கிளையைக் கட்டிப்பிடித்தபடி நூலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

தங்கூசியில் கட்டி மெல்லிய நைலோன் கயிறு வந்தது. அந்தக் கயிற்றில் தடித்த கயிறு வந்தது. அதன் நடுவில் பையைக் கட்டி, இரண்டு பக்கமும் விறைப்பாகப் பிடித்து, ஆறு தொடாமல் இழுத்தார்கள். பைக்குள் இன்சுலின், ஊசிகள், ஜீவனி உப்புத்தூள் பக்கெட், எத்தனை அளவு ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டு. பிரதாப் அந்தத் துண்டைப் பார்த்து ஊசியில் மருந்தை இழுத்தான். காளியாயி அக்கா ஜெயந்தினியின் தலையைத் தாங்கிக்கொள்ள, அவன் ஊசியை ஏற்றினான். அன்று மாலை வாந்தி நின்றது. சனிக்கிழமை அவள் எழுந்து உட்கார்ந்து, "எங்க விழுந்துச்சு?" என்று கேட்டாள். அவன் சொன்னான். "அப்ப பைலட்டுதான்" என்றாள்.

ஆனாலும் அவர்கள் வெளியே வரவில்லை. கயிறு பையைக் கொண்டுவந்ததே தவிர ஆளைக் கொண்டுபோகவில்லை. பால்மாவும் பிரஷர் மாத்திரையும் வந்தன. தினமும் காலையில் கரைக்குப் போய் நின்று, எதிர்ப்பக்கம் வந்து போகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு வாரம் கழித்து இராணுவம் தொங்குபாலம் போட்டது. அதைக் கடந்ததும் ஓர் அதிகாரி பெயர்களை எழுதிக்கொண்டு, மேக்கணக்கு மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, யாரும் திரும்பிப் போகக் கூடாது என்றார். எங்கே போவது என்று காளியாயி அக்கா சிங்களத்தில் கேட்டாள். அவர் அடுத்த பெயரைக் கேட்டார். நோர்வூட்டில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களை வைத்தார்கள். பாய்க்கும் பாய்க்கும் நடுவே ஒரு சேலை தொங்கியது.

அடுத்த கிளினிக் நாளில் பிரதாப்பும் ஜெயந்தினியும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நேர்ஸ் இரண்டு மாதத்துக்கு மருந்து கொடுத்தாள். வெளியே வந்து பாதையோரம் நின்றார்கள். வெயில் அடித்தது. நோர்வூட் பஸ் வந்து நின்று, கண்டக்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டான். பிரதாப் பையை எடுத்தான். ஜெயந்தினி நகரவில்லை.

"அடுத்த பஸ்ல போவோமுங்க. அங்க போனா அந்தச் சேலை மறைப்புக்குள்ளதானே" என்றாள்.

அவன் பையைக் கீழே வைத்தான். பஸ் போய்விட்டது. அடுத்ததும் வந்தது. அதையும் விட்டுவிட்டார்கள்.