இடது பக்கத்து மவுண்டிங்

எங்கள் விவாகரத்தை விசாரித்த நீதிபதி வீட்டை எனக்குக் கொடுத்தார், படகை என் புருஷனாயிருந்த வெர்லினுக்குக் கொடுத்தார், காரைப் பற்றிக் கேட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து கோடையில் கார் என் கொட்டகையில், குளிர்காலத்தில் அவன் கொட்டகையில். மிச்சிகனில் பனிக்கு ரோடெல்லாம் உப்புப் போடுவார்கள், உப்பு தகரத்தைத் தின்றுவிடும், அதனால் குளிர்காலத்தில் யாரும் பழைய காரை வெளியே எடுப்பதில்லை. ஆக, ஓட்டுவது நான், துடைப்பது அவன். எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது.

கார் அறுபத்தொன்பதாம் வருடத்து மாடல். இரண்டே கதவு, ஏழு லிட்டர் என்ஜின், மஞ்சள் நிறம். கோவேறு கழுதை என்று பெயர் வைத்திருந்தோம். நான் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கிறவள், நாள் முழுக்க மஞ்சள் நிறத்தைத்தான் பார்க்கிறேன். ஆனாலும் சனிக்கிழமை காலையில் அந்தக் கழுதையைக் கிளப்பி ஏரிக்கரை ரோட்டில் ஒரு மிதி மிதித்தால்தான் எனக்கு அந்த வாரம் முடியும்.

வெர்லினுக்கு வேறு ஆசை. பழைய கார்ச் சங்கத்தின் கண்காட்சியில் தங்கப் பட்டயம் வாங்கவேண்டும். அங்கே கார் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்தமாதிரியே இருக்கவேண்டும். அந்தக் காலத்துத் தொழிலாளி அவசரத்தில் பெயின்ட்டை வழியவிட்டிருந்தால் இவர்களும் அதே இடத்தில் வழியவிடுவார்கள். போன வருடம் மயிரிழையில் தங்கம் போயிற்று. அன்றைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லப்போய், இரண்டு பீர் உள்ளே போயிருந்த தைரியத்தில், "அடுத்த வருஷம் தங்கம் வாங்கு, அப்புறம் காரை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

இந்த ஆகஸ்டில் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். தங்கம் கிடைத்தால் இந்தியானாவில் ஒரு மியூசியம் காரை எடுத்துக்கொள்ளுமாம். கயிறு கட்டி வைப்பார்கள். பெட்ரோலை வடித்துவிடுவார்கள். இனி யாரும் ஓட்டமுடியாது.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாக்குக் கொடுத்தவள் நான்.

"என்ஜின் மவுண்டிங்கைத்தான் மாத்தணும்" என்றான் வெர்லின். "பழசு எண்ணெய் குடிச்சுத் தொங்கிப்போச்சு. நீ என்ன சொல்ற?"

என்ஜினைச் சட்டத்தோடு பிடித்து உட்காரவைப்பது இந்த மவுண்டிங்தான், பக்கத்துக்கு ஒன்று. முழு இரும்பில் போட்டால் என்ஜின் அசையாது, ஆனால் அதிர்வு முழுக்க நம் உடம்புக்குள் வரும், பல் ஆடும். கெட்டி பிளாஸ்டிக்கில் போட்டால் பாதி ஆடும். புதிதாக வருகிற ரப்பரில் உள்ளுக்குள் இரும்பு நாக்கு கோத்திருக்கும். ரப்பர் கிழிந்தாலும் என்ஜின் எழும்பாது. நான் அதைத்தான் சொன்னேன்.

அவன் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தான்.

"என்னய்யா இது?"

"அசல். அறுபத்தொன்பதுல செஞ்சது. நான்தான் பெட்டியையே பிரிச்சேன். நம்பர் பாரு, ரப்பர் மேலயே அச்சடிச்சிருக்கு."

"யோவ், ரப்பர்யா அது. பெட்டிக்குள்ள இருந்தா வயசாகாதா?"

"வெயில் படல, எண்ணெய் படல."

"எங்க பெர்னிஸ் அத்தைகூட வெயில் படாமத்தான் இருந்தா. போன வருஷம் போய்ச் சேந்துட்டா."

நகத்தால் அழுத்திப் பார்த்தேன். காய்ந்த ரொட்டிமாதிரி இருந்தது. சொல்லிப் பார்த்தேன். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"வெர்லின், இடது பக்கம் கிழிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல? ஆக்சிலேட்டரை மிதிச்சா இந்த என்ஜின் இடது பக்கமாத் தூக்கும். தூக்கினா ஆக்சிலேட்டர் கம்பியையும் சேத்து இழுக்கும். நீ காலை எடுத்தாலும் கார் நிக்காது."

"கிழியாது."

"ஒரு சங்கிலியாவது போடு. பந்தயக்காரன் எல்லாம் போடறானே, என்ஜினையும் சட்டத்தையும் சேத்து."

"தொழிற்சாலையில சங்கிலி போடல. போட்டா ரெண்டு பாயிண்ட் போகும். தங்கம் போயிடும்."

"நீ போயிடுவியேடா முட்டாளே!"

கத்திவிட்டேன். அவன் காபியைக் கலக்கினான். சர்க்கரை போடாத காபி.

எனக்கும் பிடிவாதம் உண்டு. "சரி, கோர்ட்டுல ஆளுக்குப் பாதின்னுதானே எழுதியிருக்கு? இடது பாதி என்னோடது. என் பாதிக்கு நான் சங்கிலி போடறேன்."

"இடது, வலதுன்னு எழுதல."

"இல்லைன்னும் எழுதல."

அந்த அசலையே அவன் மாட்டிவிட்டான். கண்காட்சிக்கு முந்தின நாள் நான் பஸ் கொட்டகையிலிருந்து நல்ல சங்கிலியாக எடுத்துவந்து, அவன் கண்ணெதிரிலேயே போல்ட் போட்டு முடுக்கினேன். அவன் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. விளக்கை மட்டும் எனக்குச் சரியாகப் பிடிக்காமல் வேறெங்கோ பிடித்துக்கொண்டு நின்றான். கல்யாணமான காலத்திலும் கோபம் வந்தால் இப்படித்தான் நிற்பான்.

மறுநாள் மைதானத்தில் கார் ஒவ்வொன்றும் சொந்தக் காலில் ஒரு பலகைச் சரிவில் ஏறி மேடைக்கு வரவேண்டும், அது சங்கத்து விதி. தள்ளிக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். எங்கள் நடுவர் லோவல் டிராஸ்க், ஓய்வு பெற்ற பல் டாக்டர். கையில் வெள்ளைக் கையுறை, நுனியில் கண்ணாடி வைத்த ஒரு கோல். மேடையில், சரிவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, வா வா என்று கையைக் காட்டினார். வெர்லின் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பாதிச் சரிவில் அவன் ஒரு மிதி மிதித்தான்.

உள்ளே ஏதோ கிழிந்தது. உடனே டங்கென்று ஒரு சத்தம். காரின் மூக்கு ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது. வெர்லின் காலை எடுத்தான், என்ஜினும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியது. டிராஸ்க் இன்னும் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருடைய கால்சட்டை மடிப்புக்கூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு பக்கம்.

மேடைக்கு ஏற்றி நிறுத்தி, வெர்லின் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். அதன்பிறகும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

டிராஸ்க் பானெட்டைத் தூக்கச் சொல்லிக் கண்ணாடியை உள்ளே விட்டார். "இடது மவுண்டிங், அசல். நம்பர் சரியா இருக்கு. முழு மதிப்பெண். ரொம்ப அபூர்வம் சார், எங்க பிடிச்சீங்க?"

"அது ரெண்டாக் கிழிஞ்சு கிடக்கு, டாக்டர்" என்றேன்.

"பாத்தேன்மா. கிழிஞ்சதும் அசல்தான். கிழிசலுக்கு எங்க விதியில இடமில்லை." கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். "ஆனா இந்தச் சங்கிலி தொழிற்சாலையில போட்டதில்லையே. ரெண்டு குறையுது. மன்னிக்கணும்."

அவர் உயிரோடு நிற்பதற்குக் காரணமே அந்தச் சங்கிலிதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் அடுத்த காருக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு வெள்ளி. கார் மியூசியத்துக்குப் போகாது. நான் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். வெர்லின் கார் நிழலில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். சாசேஜ் வைத்த ரொட்டி, ஹாட் டாக் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், கடிக்கவில்லை.

"அந்தச் சங்கிலியைப் பாயிண்ட்டைக் கெடுக்கத்தானே போட்டே?" என்றான்.

"அதுக்கும்தான். கார் போறது எனக்குப் பிடிக்கல. ஆனா நீ செத்துத் தொலைஞ்சா நான் என்ன பண்ணுவேன்னு நினைச்சுத்தான் போல்ட்டை முடுக்கினேன். போதுமா?"

அவன் ஹாட் டாக்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மியூசியத்துக்கு ஏன் கொடுக்கப் பாத்தேன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கல."

"பட்டயப் பைத்தியம்னு நினைச்சேன்."

"ஒவ்வொரு ஏப்ரலும் வந்து சாவியை வாங்கறே. 'வரேன்'னு சொல்லிட்டு ஓட்டிட்டுப் போயிடறே. குளிர்காலம் பூரா துடைச்சு வச்சவன் வாசல்ல நிக்கறேன். கார் போறதுக்காக யாரு அழுதா, ஆர்டித்? நீ போறதை வருஷா வருஷம் பாக்க முடியல. கார் இல்லைன்னா நீ வரவேண்டாம், போகவும் வேண்டாம்."

 எனக்கு மகா கோபம் வந்தது. "அடப்பாவி, இதை வாயைத் திறந்து சொல்றதுக்கு உனக்கு ஒரு மியூசியம் வேண்டியிருந்துதா?"

"சொன்னா சிரிப்பே."

சிரித்திருப்பேன்தான், அதுதான் உண்மை. அதனால் சாவியைக் கேட்டேன். கொடுத்தான். கொடுத்துவிட்டு, வழக்கம்போல எழுந்து இரண்டு அடி பின்னால் போய், கார் கிளம்புவதைப் பார்க்கத் தயாராக நின்றான்.

நான் உள்ளே உட்கார்ந்து, எட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறு" என்றேன்.