தட்டில் வளர்ந்த தோல்

ரொஷானி பிறந்த அன்றே அவள் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. உரசிய இடமெல்லாம் கொப்புளம் கிளம்பும் பரம்பரை நோய் என்றார்கள். அதன்பின் லூக்காஸ் மகளை வெறுங்கையால் தூக்கியதேயில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் தாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் வாழை நட்டார். இளம் இலையை அனலில் வாட்டி, அதில் கிடத்தித்தான் தூக்குவார்.

ஈஸ்டர் காலைகளில் அப்படியே ஏந்திக்கொண்டு சர்ச்சுக்கு நடப்பார். எதிரே வருகிறவர்கள் தேயிலைக்குள் இறங்கி வழிவிடுவார்கள். தையல் உறுத்தாதபடி பிள்ளைக்குச் சட்டையைப் புறம் மாற்றிப் போட்டுவிட்டு, மனைவி நேசராணி முன்னால் பாடிக்கொண்டு போவாள். நேசராணி இப்போது இல்லை. அந்த நாட்களை நினைத்தால் லூக்காஸுக்குப் பிள்ளையின் அழுகைக்கு முன்னால் அவளுடைய பாட்டுத்தான் காதில் விழும்.

ரொஷானி வளர்ந்து பெரியவளானாள். பதுளையில் அவளைப் பார்த்துவந்த டொக்டர் ஸகீனா ஒருநாள் கேட்டார்: "புதுத் தோலை உண்டாக்குற குருத்துக் கலங்கள், ஸ்டெம் செல்னு சொல்றது, இவங்க உடம்புல இன்னும் இருக்கான்னு பார்க்கணும். துளித் தோல் எடுத்துக் கொழும்புல வளர்த்துப் பார்ப்பாங்க. குடுப்பீங்களா?"

கொடுத்தார்கள். அது வளரவில்லை. டொக்டர் மறுபடி கேட்டபோது லூக்காஸ் கலங்கிப்போனார்.

"போன தடவ எடுத்த புண்ணே இப்பதாங்க ஆறுச்சு. இனி வேணாங்க."

"எடுக்கட்டும்பா," என்றாள் ரொஷானி. "தானா உரிஞ்சு போனதெல்லாம் வீணாத்தானே போச்சு. இத நானாக் குடுக்குறேன்."

அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

சில வாரங்கள் கழித்து டொக்டர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடித் தட்டில் கூழாங்கல் பாவினாற்போலக் கலங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிறைந்திருந்தன.

"எல்லாம் ரொஷானியோட கலங்கள்தான். மெதுவாத்தான் வளருது, ஆனா வளருது."

"அதுலயும் கொப்புளம் வருமா டொக்டர்?" ரொஷானி கேட்டாள்.

"அந்தக் குறை அதுக்குள்ளயும் இருக்கு. அதைத் திருத்தின பிறகுதான் உடம்புல வைக்கிறதைப் பத்தி யோசிக்கலாம். வருஷக்கணக்காகும். இது வளராமலே போயிருந்தா அந்த வழியே இல்ல."

லூக்காஸ் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நேசராணி பார்த்திருந்தால் என்ன பாடியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் ரொஷானி ஐஸ்கிரீம் கேட்டாள். வாய்க்குள்ளும் கொப்புளம் வரும்; அந்தப் புண்ணுக்கு அதுதான் அவளுக்கு இதம். அவர் ஒன்று வாங்கி நீட்டினார்.

"ஒங்களுக்கு?"

"எனக்கெதுக்கும்மா?"

"இன்னைக்குச் சாப்புடுங்கப்பா."

இன்னொன்று வாங்கிக்கொண்டார். மடுல்சீமை பஸ் புறப்படும்வரை இருவரும் வெயிலில் நின்று சாப்பிட்டார்கள்.