பிரெஞ்சு பிராண்டி போட்ட கோழி

திறந்த பொருளாதாரம் வந்த இரண்டாம் வருடம், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கைக்கு முழுக் கோழியையே உள்ளே வைத்து வேகவைக்கும் முதலாவது காஸ் அவண் வந்தது. வந்த வீடு உதவிக் கட்டுப்பாட்டாளர் கனகசபாபதியினுடையது. அவர் எதைக் கட்டுப்படுத்துவதற்கு யாருக்கு உதவுகிறார் என்பது ஒழுங்கையில் எவருக்கும் தெரியாது. ஆனால் பெயர்ப்பலகை பித்தளையில் இருந்தது.

அவண் சமையலறைக்குப் போகவில்லை. வரவேற்பறையில், கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில், மேலே பின்னல் துணி விரித்துப் பூச்சாடியும் வைக்கப்பட்டு நின்றது. "குசினிக்குள்ளை வைச்சா புகை பட்டு நிறம் மங்கிப்போகும்" என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தார் கனகசபாபதி. ஐந்து மாதமாக அதன் வயிற்றுக்குள் இருந்தவை அவருடைய திணைக்களத்துப் பழைய சுற்றறிக்கைகள் மட்டுமே.

அவணோடு ஒரு சிறு புத்தகமும் வந்திருந்தது. அதை வாசித்தவர் அவருடைய மனைவி கௌரி. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு முழுக் கோழி, புதிதாக வார்னிஷ் பூசிய கதிரை மாதிரிப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. பழச்சாற்றைப் பாகாக வற்றவைத்து, வேகும் கோழியின் மேல் திரும்பத் திரும்பப் பூசவேண்டுமாம்.

"இஞ்சேருங்கோ, அப்ரிகொட் எண்டா என்ன?"

"அது மேனாட்டுப் பழம். சொன்னா உமக்கு விளங்காது" என்றார் கனகசபாபதி. அவருக்கும் விளங்காது.

கௌரி அப்ரிகொட்டை விட்டுவிட்டு அன்னாசிக்கு மாறினாள். கித்துள் மரத்துப் பாணி, வறுத்து இடித்த செத்தல் மிளகாய், இஞ்சி, கடுகு, புளிப்புக்கு வினாகிரி. அவணைத் தொட அனுமதி இல்லாததால், மூன்று கிழமையாகத் தாச்சியில் கோழித் துண்டுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். "கறி ஏன் இனிக்குது?" என்று கேட்டுக்கொண்டே கனகசபாபதி எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்.

கௌரிக்கு மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பலீல், காலிமுகத் திடல் பக்கத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் முப்பத்தொரு வருடம் நின்று ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் கௌரி அனுப்பும் தட்டு, பெருநாளன்று வட்டிலப்பத்தோடு திரும்பி வரும். கூடவே "நல்லம் தங்கச்சி" என்று ஒரு சொல்லும் வரும். மாநகரசபைத் தண்ணீரையும் மகளின் மாமியாரையும் பலீல் அதே சொல்லால்தான் பாராட்டுவார். ஆகவே அது மரியாதைதானே ஒழியத் தீர்ப்பு அல்ல என்று கௌரிக்குத் தெரியும். தன் கைச் சமையலைப் பற்றி அந்த மனிதர், ஒரு சமையற்காரர் இன்னொரு சமையற்காரருக்குச் சொல்வதுபோல, ஒரு உண்மையான வார்த்தை சொல்லவேண்டும். பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு நித்திரையே ஒழுங்காக இல்லை.

வாய்ப்பு பற்றிக்கின் வடிவில் வந்தது. பற்றிக்கும் கனகசபாபதியும் ஒரே கந்தோரில் வேலை. வீடு கொட்டாஞ்சேனை, மனைவி பெயர் றோஸி. மெல்பேர்னில் மகளோடு மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தவர், தேநீர் வேளையில் வேறு எதுவும் கதைப்பதில்லை.

"மச்சான், அங்க ஆம்பிளைங்கதான் குக் பண்றது. இறைச்சிய நெருப்பில போட்டுட்டு பியர் குடிச்சிட்டு நிப்பாங்க."

"இதிலை என்ன புதினம்?" என்றார் கனகசபாபதி. "நானும் வீட்டிலை அப்பிடித்தான். அவணிலை முழுக் கோழி வைப்பன். கிளேஸ் பண்ணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் றோஸியையும் கூட்டிக்கொண்டு வா."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அவர் அறிவித்தார்: "கௌரி, ஞாயிற்றுக்கிழமை நான் கோழி சமைக்கிறன்."

"ஆர், நீங்களோ?"

"சமைக்கிறது நீர்தான். ஆனா சமைக்கிறது நான்."

கௌரிக்கு உடனே விளங்கிவிட்டது. கோபம் வரவில்லை. "அப்ப பலீல் நானாவையும் கூப்பிடோணும்" என்றாள்.

"கூப்பிடுவம். ஹோட்டல்காரன் சொன்னா பற்றிக் மறுத்துக் கதைக்கேலாது."

சனிக்கிழமை அவளே பஸ் ஏறித் தெஹிவளைக்குப் போய், பலீல் வீட்டார் வழக்கமாக வாங்கும் முஸ்லிம் கடையிலேயே கோழி வாங்கினாள். வாங்கியதை மதிலுக்கு மேலால் பலீலின் மனைவிக்குக் காட்டியும் விட்டாள்.

ஞாயிறு காலை சுற்றறிக்கைகள் கட்டிலுக்கடியில் இடம்பெயர்ந்தன. அவணைச் சமையலறைக்குத் தூக்கிப்போக நான்கு பேர் தேவைப்பட்டார்கள். ஐந்தாவதாகக் கனகசபாபதி, துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிறவர் மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு பின்னுக்கு நடந்தார்.

காஸ் பற்றியதும் கௌரிக்கு வியர்த்தது. உப்பும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் பூசிய கோழி உள்ளே போனது. அடுப்பில் அன்னாசிச்சாறு முதலில் நுரைத்தது, பிறகு அடங்கியது, பிறகு பெரிய பெரிய குமிழாகச் சோம்பலாக வெடிக்கத் தொடங்கியது. கரண்டியைத் தூக்கினால் சொட்டு விழ யோசித்தது. இதுதான் பதம்! முதலாவது பூச்சு. கதவை மூடினாள். பத்து நிமிடம். இரண்டாவது பூச்சு. கோழியின் மார்பில் பொன் நிறம் ஏறியது. வீடு முழுக்க இனிப்பும் உறைப்பும் கலந்த மணம் எழுந்து ஒழுங்கைக்கு இறங்கியது. கௌரி தன் பாட்டில் சிரித்தாள்.

வரவேற்பறையில் பற்றிக், றோஸி, பலீல் மூவரும் வந்து உட்கார்ந்தாயிற்று. கனகசபாபதி தோளில் துவாயோடு சமையலறைக்குள் ஓடிவந்து, பாகில் விரலைத் தொட்டுத் தன் வெள்ளைச் சட்டைக் கையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டார்.

"என்ன செய்யிறியள்?"

"சமைச்ச ஆள் மாதிரித் தெரியவேண்டாமோ? எத்தினை நிமிஷம் இருக்கு?"

"பத்து."

அவர் வெளியே போனார். "கடைசிப் பூச்சுக் குடுத்திட்டன். இன்னும் பத்து நிமிஷம்" என்ற அவருடைய களைத்த குரல் கேட்டது.

கோழி மேசைக்கு வந்தபோது றோஸி "யேசுவே!" என்றாள். பத்தொன்பதாம் பக்கத்துக் கோழி இதற்குப் பக்கத்தில் நின்றிருந்தால் வெட்கப்பட்டிருக்கும். கனகசபாபதி கத்தியை எடுத்து, நாடா வெட்டுகிற மந்திரி மாதிரி ஒரு கணம் நிறுத்தி, பிறகு வெட்டினார். பலீலின் தட்டில் ஒரு நல்ல துண்டு விழுந்தது. தண்ணீர்ச் செம்போடு கதவடியில் நின்ற கௌரி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பற்றிக் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். நல்லதென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "அங்கயின்னா இதுக்கு ஒயின் ஊத்துவாங்க மச்சான். இது அப்பிடியில்லத்தானே" என்றார்.

கனகசபாபதிக்கு அது பொறுக்கவில்லை. "ஒயினோ! ஒயின் ஆர் ஊத்திறது? நான் பிராண்டி. பிரெஞ்சு பிராண்டி. அரைப் போத்தல்!" கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருந்த போத்தலை நோக்கிக் கை நீண்டது.

"அது நிறைஞ்சிருக்கே?" என்றார் பற்றிக்.

"அது ரெண்டாவது போத்தல்."

பலீலின் விரல்கள் துண்டைத் தொடப்போய் நின்றன. அவர் கையை மெதுவாக எடுத்து, வெள்ளரிக்காய்ப் பக்கம் கொண்டுபோனார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

கௌரிக்குத் தலைக்குள் ஏதோ பொரிந்தது. "இஞ்சேருங்கோ, பகிடி விடாதேங்கோ. ஆக்கள் உண்மையெண்டு நினைக்கப் போயினம்."

"அவவுக்கு என்ன தெரியும்! நான் ஊத்தேக்கை அவ கிணத்தடியிலை."

"பலீல் நானா, சத்தியமா அதிலை ஒண்டும் இல்லை. நீங்க சாப்பிடுங்கோ."

"பரவாயில்ல தங்கச்சி" என்றார் பலீல், மிகவும் மென்மையாக. "என்ன ஊத்தின எண்டு சமைச்ச ஆளுக்குத்தானே தெரியும். சேர் ஊத்தினதாச் சொல்றார். எனக்கு சோறும் சலாட்டும் இரிக்கி. அதுவே நல்லம்."

நல்லம்! அந்தச் சொல் கௌரியின் காதில் அறைந்தது. மூன்று கிழமை, ஐந்து அன்னாசி, தெஹிவளை பஸ், எல்லாம் இந்த வெள்ளரிக்காய்த் துண்டுக்காகவா?

அவள் செம்பை மேசையில் வைத்தாள். இடுப்பிலிருந்து திறப்புக்கோர்வையை எடுத்தாள். கண்ணாடி அலுமாரியைத் திறந்தாள்.

"கௌரி, அதை விடும். கௌரி!"

போத்தலைத் திறந்து, ஒரு கிளாசில் அரைவாசிக்கு ஊற்றி, பற்றிக்கின் முன்னால் வைத்தாள். "அண்ணை, குடியுங்கோ."

பற்றிக் மெல்பேர்னில் கண்ட மாதிரிக் கிளாசைச் சுழற்றினார். மணந்தார். புருவம் ஏறியது. ஒரு மிடறு விழுங்கினார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது டீ" என்றார் பற்றிக். இன்னொரு மிடறு குடித்து உறுதிப்படுத்தினார். "பிளேன் டீ. சீனியும் இல்ல."

"ஓம். கிழமைக்கொருக்கா நான்தான் மாத்திறனான். இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். இந்த வீட்டுக்கு வந்தது ஒரேயொரு போத்தல். எழுபத்தைஞ்சிலை இவரின்ரை புரமோஷனோடை முடிஞ்சுது."

றோஸி கைலேஞ்சியால் வாயைப் பொத்தினாள். லேஞ்சி போதவில்லை.

பலீல் மட்டும் சிரிக்கவில்லை. மார்க்க விஷயம் அவருக்குப் பகிடி அல்ல. "போத்தல்ல டீ எண்டது விளங்குது" என்றார். "கோழில என்ன இரிக்கி எண்டு சமைச்சவர் வாயால சொல்லணும். சேர்தான் சொல்லணும்."

கனகசபாபதி பற்றிக்கைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். தன் சட்டைக் கையிலிருந்த பாகுக் கோட்டைப் பார்த்தார். இருபத்தாறு வருட அரச சேவையில் இப்படியொரு கோப்பு அவர் மேசைக்கு வந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்கதோஷத்தில் சுற்றறிக்கைத் தமிழுக்குப் போனார்:

"மேற்படி கோழி... என்னால் சமைக்கப்படவில்லை."

"அப்ப ஆரால சமைக்கப்பட்டிச்சி?" என்றார் பற்றிக், ஆனந்தம் தாங்காமல்.

"அவ."

பலீல் கதிரையோடு அப்படியே திரும்பினார். கௌரியின் பக்கம். ஹோட்டலில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவர் இப்படித்தான் பார்த்திருப்பார் போலும். "சொல்லுங்க தங்கச்சி."

கௌரி சொன்னாள். அன்னாசியில் தொடங்கி, பாணி, மிளகாய், இஞ்சி, கடுகு, வினாகிரி வரை மூச்சுவிடாமல் சொன்னாள். கை தானாகவே காற்றில் கிண்டியது.

"பூசினது எதால? பிரஷ்ஷாலயா?"

"சேரைத் தண்டாலை. அடியை அம்மிக் குழவியாலை நசுக்கினா நார் நாராப் பிரியும். பிரஷ் மாதிரியே பூசலாம்."

"அதா மணக்கிது!" எலுமிச்சை மணக்கும் அந்தப் புல்லின் பெயரைக் கேட்டதும் பலீல் தொடையில் தட்டினார். "வந்த நேரத்திலிருந்து யோசிக்கிறன், சேரை எங்கிருந்து வருது எண்டு."

அவர் பிஸ்மி சொல்லித் துண்டைப் பிய்த்தார். மென்றார். கண்ணை மூடினார். கடற்கரை ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. பலீல் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"தப்பு" என்றார்.

கௌரி ஒரு அடி முன்னுக்கு வந்தாள். "என்ன தப்பு, நானா?"

"வினாகிரி. கடைசில ஊத்தி இரிக்கிறீங்க. மூக்கில அடிக்கிது. அது முதல்லயே ஊத்திக் கொதிக்கணும்."

மரியாதைக்கு வந்த சொல் அல்ல அது. அது ஒரு சமையற்காரரின் சொல். கௌரியின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வாயும் திறந்தது. "இல்லை!"

மேசையில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். கௌரியும்தான். ஆனால் நிறுத்தவில்லை. "முதலே ஊத்தினா அது ஆவியாப் போயிடுது நானா. பிறகு இனிப்பு மட்டும்தான் நிக்கும், தொதல் மாதிரி. நான் ரெண்டு தரம் செய்து பாத்தனான்."

"ரெண்டு தரமா?"

"ரெண்டு தரம். இவர்தான் சாப்பிட்டவர். கேளுங்கோ."

"இனிச்சுது" என்று கனகசபாபதி சாட்சி சொன்னார். அன்றைக்கு அவர் சொன்ன முதலாவது உண்மை அதுவல்ல, இரண்டாவது.

பலீல் மறுபடியும் ஒரு துண்டு எடுத்தார். இந்த முறை தொடையில். நக்கிப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சரித்தார். "ம்... நீங்க சொல்றதிலயும் நியாயம் இரிக்கி. அப்ப பாதி முதல்ல, பாதி கடைசில."

"பாதி!" கௌரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதை நான் யோசிக்கேல்லையே! நானா, ஒரு அன்னாசி மிச்சம் இருக்கு."

"காஸ் இரிக்கா?"

"இருக்கு!"

பலீல் கை கழுவிவிட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும், ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரிச் சமையலறைக்குள் மறைந்தார்கள். அம்மியில் இஞ்சி இடிபடும் சத்தம் கேட்டது. "மெல்லமா, மெல்லமா" என்றது பலீலின் குரல். "உங்கட ஹோட்டல்லை மெல்லமா இடிச்சிருப்பியள், இஞ்சை இப்பிடித்தான்" என்றது கௌரியின் குரல்.

வரவேற்பறையில் பற்றிக் கோழியின் மற்றத் தொடையையும் பிய்த்தெடுத்தார். "கனகு, மெல்பேர்ன்ல இப்பிடி ஒண்டு கிடைக்கல்ல மச்சான். அங்க எல்லாம் கரிஞ்சுதான் வரும்" என்று, அங்கிருந்து வந்த பிறகு முதல் தடவையாக ஒப்புக்கொண்டார்.

கனகசபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்டாலும் அவணை வாங்கினது நான்தானே" என்று தொடங்கினார்.

"தப்பு!" என்று சமையலறையிலிருந்து பலீல் கத்தினார்.

"இல்லை நானா, பாருங்கோ, பாருங்கோ, பாகிலை நூல் விழுகுது!" என்று கௌரி அதைவிடப் பலமாகக் கத்தினாள்.