ஆறு வார விருந்தாளி

பிப்ரவரி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு, பேருந்து நிலையத்தின் பின்புறமுள்ள நாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கதவு நான்காவது மாடியில் மூட மறுத்தது. இரண்டு மாதத்தில் அது பதினோராவது புகார்.

மறுநாள் காலை புகார்ச் சீட்டு களப் பிரிவுக்கு வந்தபோது மெக்கானிக் அதை முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

"அந்தக் கண் ஆஸ்பத்திரிதானே? சென்சார ரெண்டு தடவ மாத்தியாச்சு. நாம போனா நல்ல பிள்ளையா மூடுது. திரும்பினா முரண்டு பிடிக்குது."

பக்கத்தில் நின்ற விருந்தாளி சீட்டைக் கையில் வாங்கினாள்.

அது அவள் பெயரல்ல. அந்த லிஃப்ட் நிறுவனம் ஆண்டுக்கு நாலு பட்டதாரிகளை எடுத்து, தொழிற்கூடம், வரைபடப் பிரிவு, புகார் அறை, களம் என்று ஆறு ஆறு வாரமாகச் சுற்றவிடும். ஓர் இடத்தில் முகம் பழகுவதற்குள் மூட்டை கட்டவேண்டும் என்பதால் களத்தில் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் அதுவே பெயர். கடைசியில் ஏதாவதொரு பிரிவு 'இவர் எங்களுக்கு வேண்டும்' என்று படிவத்தில் எழுதவேண்டும். யாரும் எழுதாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். "எப்பத்தான் ஒரு இடமா உக்காருவ?" என்று அம்மா வாரம் தவறாமல் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மற்ற மூன்று பிரிவுகளும் வேறு ஆட்களைக் கேட்டுவிட்டன. மிச்சம் களத்தில் ஒரே ஓர் இடம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கேட்டால் அவளும் களத்தைத்தான் சொல்லியிருப்பாள். லிஃப்ட் குழிக்குள் முதல்முறை இறங்கி, தலைக்கு மேலே அத்தனை எடையும் பூனைபோல எழும்பிப் போனதை அண்ணாந்து பார்த்த அன்றைக்கே அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

சீட்டில் தேதி இருந்தது, கட்டடம் இருந்தது, கோளாறு இருந்தது. அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நாம அங்க எத்தன மணிக்குப் போவோம்?"

"காலைல ஒம்போதுக்கு. அப்பதான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். ஏன்?"

"கம்ப்ளெய்ண்ட் வர்றது நாலு மணி வாக்குலண்ணா."

"சீட்டுல நேரமே போடலியே."

"சீட்டுல இல்ல. என் டீல இருக்கு."

மெக்கானிக் அவளை மேலும் கீழும் பார்த்தார். புகார் அறையில் மூன்றே முக்காலுக்கு டீ வரும். களத்துக்கு வருமுன் ஆறு வாரம் அவள் அங்கிருந்தபோது அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து முறை போன் வந்தது. ஐந்து முறையும் டீ ஆறிப்போனது. புகார் அறையில் இருப்பவர்கள் களத்துக்குப் போவதில்லை. களத்தில் இருப்பவர்கள் போன் எடுப்பதில்லை. அவள் இரண்டு பக்கமும் இருந்தவள்.

களப் பிரிவின் சூப்பர்வைசருக்கு இதில் சுவாரசியம் இல்லை. "சாயந்திரம் அந்த ரோட்ல போனா ஒரு மணி நேரம் நிக்கணும். ஒண்ணுமில்லாம திரும்பி வந்தா?"

"என் பேர ஃபார்ம்ல எழுத வேணாம் சார்."

"எழுதறேன்னு யாரும்மா சொன்னா?" என்றார். ஆனாலும் வண்டிச் சாவியை மெக்கானிக் பக்கம் தள்ளினார்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு இருவரும் நான்காவது மாடியில் நின்றார்கள். கதவு திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, ஒழுங்காக மூடியது.

"இன்னிக்கு என் டீயும் போச்சு," என்றார் மெக்கானிக்.

மூன்று நாற்பத்தாறுக்கு, எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு மேலிருந்து வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. தரையில் நீண்டது. கதவின் விளிம்பைத் தொட்டது. பாதி தூரம் வந்த கதவு அப்படியே பின்வாங்கியது. மீண்டும் வந்தது, மீண்டும் பின்வாங்கியது.

 அவள் கையிலிருந்த புகார் ஃபைலை வெயிலுக்குக் குறுக்கே பிடித்தாள். கதவு மூடியது. பட்டனை அழுத்தித் திறந்து, ஃபைலை விலக்கினாள். கதவு பாதி வந்து திரும்பியது.

"இன்னொரு தடவ," என்றார் மெக்கானிக், குரல் மாறி. பிறகு ஃபைலைத் தானே வாங்கிக்கொண்டார். நாலு முறை மறைத்தார், நாலு முறை விலக்கினார்.

கதவின் இரு ஓரங்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். ஆள் குறுக்கே நின்றால் அது அறுபடும், கதவு திறந்துகொள்ளும். வெயில் நேராக விழுந்தால் சென்சாருக்கு அந்த ஒளி தெரியாது. யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

"கண் ஆஸ்பத்திரில வந்து இதுக்குக் கண்ணு கூசுது பாரேன்," என்று மெக்கானிக் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

சத்தம் கேட்டு அந்த மாடியின் வரவேற்பாளர் அம்மாள் எழுந்து வந்தார். "லிஃப்ட் கம்பெனிலேர்ந்து வர்றோம் மேடம்," என்றாள் விருந்தாளி. அந்தக் குரலைக் கேட்டதும் அம்மாள் நின்றுவிட்டார். "ஏம்மா, போன்ல 'இதோ எழுதிக்கிட்டேன்'னு பெருமூச்சு விட்டுச் சொல்ற பொண்ணு நீதானா?"

"டீ ஆறிப்போச்சு மேடம், அதான்."

"எனக்கு அந்த நேரத்துல டீயே கெடையாது. கட்டுப்போட்ட கண்ணோட ஆளுங்கள படியில எறக்கிவிட்டுக்கிட்டிருப்பேன்."

அவளுக்கு முகம் சுருங்கியது. ஒரு கணம்தான். "மேடம், முன்னாடியெல்லாம் இங்க வெயில் வருமா?"

"எதிர்ல மொட்டமாடில பெரிய விளம்பரப் பலகை இருந்துச்சு. டிசம்பர்ல கழட்டிட்டாங்க. அப்புறம்தான் வெயில்."

அவளும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

"விருந்தாளி, விழுந்து தொலைக்காத," என்று மேலிருந்து மெக்கானிக் கத்தினார். "படிவத்துல பேர் எழுதறதுக்கு ஆள் முழுசா வேணும்."

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டப்பட்டது. பிற்பகல் நாலரை வரை புகார் எதுவும் வராததை உறுதிசெய்துகொண்டு, சூப்பர்வைசர் படிவத்தை நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் 'தேவை' என்று மட்டும் எழுதியிருந்தார். மார்ச் மாதம் அச்சான புகார்ச் சீட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்ந்தது. பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு அவள் களப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.