மாப்பிள்ளைப் பூ

பொன்னுரங்கம் இடுப்பை நிமிர்த்தியபோது, பிடுங்கிப் போட்ட தர்பூசணிக் கொடிகள் வரப்போரம் குவியலாகக் கிடந்தன. பூ வைக்கிற பருவத்துக் கொடிகள். காட்டில் நாலுக்கு ஒன்று வேறு ரகம். இலையைப் பார்த்தாலே தெரிந்தது. நாற்று விற்றவன் நல்லதோடு மட்டத்தைக் கலந்து தள்ளியிருக்கிறான், அதுவும் வரிசை தவறாமல்! கத்தரி விதை என்று வாங்கியது சுண்டையாக முளைத்த வருடத்திலிருந்து, பொட்டலத்தின் மேலிருக்கும் படத்தைக்கூட அவர் நம்புவதில்லை.

பரங்கிப்பேட்டை பக்கத்து இந்த மணல் காட்டில் காலம்காலமாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான். மருமகள் அனுப்பிரியா சிதம்பரத்தில் விவசாயம் படித்தவள், கீரப்பாளையத்தில் உரக்கடையில் வேலை. விதையில்லாத தர்பூசணி போடலாம், ஒரே ஒரு போகம் கொடுங்கள் என்று கேட்டாள். "விதையே இல்லாத பழத்துக்கு விதை எங்கேருந்து வந்துச்சு?" என்று அன்று அவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் அவருக்குத் திருப்தியில்லை. ஆனாலும் கொடுத்தார். காய்க்காவிட்டால் மறுபடி மல்லாட்டை, அதற்குமேல் காட்டைப் பற்றி அவள் வாயைத் திறக்கக்கூடாது என்பது பேச்சு.

சாயங்காலம் அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"மாமா, நடுவுல இருந்த கொடியெல்லாம் எங்க?"

"கலப்படம். புடுங்கிட்டேன்."

அவள் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அதை வைக்கச் சொன்னதே நான்தான் மாமா. குதிரைக்கும் கழுதைக்கும் பொறக்குற கோவேறு கழுதை குட்டி போடாதுல்ல? இந்தக் கொடியும் அப்படித்தான். இதோட ஆண் பூவுல தூள் இருக்கும், அதுல உயிர் இருக்காது. பக்கத்துல சாதா தர்பூசணி பூத்து, அந்தத் தூள் இதோட பெண் பூவுல ஒட்டினாத்தான் காய் நிக்கும். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்றார் பொன்னுரங்கம்.

அப்போதும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து பெண் பூக்களைக் குனிந்து குனிந்து பார்த்தார். பூவுக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்குப் பிஞ்சு. தொட்டால் மஞ்சளாகிக் கையோடு வந்தது. அவர் சொன்னபடியே காய்க்கவில்லை. சந்தோஷப்படவேண்டியதுதான். ஆனால் அவள் தோற்றிருந்தால் அது வேறு. இது அவரே அவள் காலை வாரிவிட்டது. சோறு இறங்கவில்லை.

சாதா தர்பூசணி பூத்துக் கிடந்தது ஒரே இடத்தில்தான். வாய்க்காலுக்கு அந்தப்புறம், வெகுதூரம் தள்ளி, மனைவியின் தம்பி தில்லைநாதன் காட்டில். போன கோடையில் அவன் பழத்தைச் சபை நடுவில் வெட்டி, "இது தர்பூசணியா, கல்யாணப் பூசணியா?" என்று பொன்னுரங்கம் கேட்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

விடியும்போதே போய் நின்றார்.

"மச்சான், கொஞ்சம் ஆண் பூ வேணும்."

தில்லைநாதன் முகம் கழுவிக்கொண்டிருந்தவன், தண்ணீர் சொட்டச் சொட்ட முழுக் கதையையும் கேட்டான். பிறகு வாய்க்கால் கரையே அதிரச் சிரித்தான். "ஆகமொத்தம், பொண்ணுங்கல்லாம் வயசுக்கு வந்து நிக்குது, மாப்பிள்ளைங்கள நீங்களே புடுங்கிப் போட்டுட்டீங்க!"

"குடுப்பியா மாட்டியா?"

"கல்யாணப் பூசணி வீட்டு மாப்பிள்ளைங்க, மச்சான். வெறுங்கையோட வந்தா எப்புடி? தட்டோட வாங்க."

பொன்னுரங்கம் திட்டிக்கொண்டே திரும்பினார். வெயில் ஏறினால் பூ வாடிவிடும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு துண்டு. தட்டை நீட்டியபோது முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான்யா இருந்துச்சு ஒம்பழம்" என்றார், வாய்க்காலைப் பார்த்து.

தில்லைநாதன் காதில் விழாததுபோலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு காட்டில் இறங்கினான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பூக்கூடையை அவனே சுமந்து வந்தான். "உங்க கையில குடுத்தா அதையும் கலப்படம்னு தூக்கிப் போட்டுடுவீங்க."

ஆண் பூவின் இதழை மடக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவவேண்டும். அனுப்பிரியா வேலைக்குப் போகுமுன் ஒரு வரிசை, மச்சான்கள் இருவரும் ஆளுக்கொரு வரிசை.

"அழுத்தாதீங்க மச்சான், சந்தனம் பூசுறாப்புல."

"எனக்குத் தெரியும், நீ ஒஞ்சோலியப் பாரு."

நாலைந்து நாளில் பிஞ்சுகள் தலை கவிழ்ந்து பருக்கத் தொடங்கின. பொன்னுரங்கம் யாரும் பார்க்காதபோது ஒன்றை லேசாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

முதல் பழத்தை வரப்பில் வைத்தே அனுப்பிரியா வெட்டினாள். உள்ளே நெருப்பாய்ச் சிவந்திருந்தது. கறுப்புப் புள்ளி ஒன்றில்லை. தோல் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத வெள்ளைப் பொக்கு விதைகள் அங்கங்கே. தில்லைநாதன் ஒரு கீற்றைக் கடித்து மென்று, பழக்கத்தில் உதட்டைக் குவித்துத் துப்பப் போனான். துப்புவதற்கு ஒன்றுமில்லை. குவித்த உதட்டோடு அப்படியே விழித்தான். அனுப்பிரியா சிரித்த சிரிப்பில் கத்தி கீழே விழுந்தது.

"நீங்க சொல்லுங்க மாமா, எப்புடி இருக்கு?"

பொன்னுரங்கத்தின் நாக்கில் அந்தக் கணம் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. நாக்கால் புரட்டிப் பார்த்தார். வழவழவென்று, நுனி கூராக, முழுசாக ஒரு விதை.

மனதில் பட்டதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் விதையைக் கன்னத்தில் ஒதுக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு, மோவாயில் சாறு ஒழுக ஒழுகத் தலையை மட்டும் ஆட்டினார்.